வியாபாரம் படுத்திருக்கிறது: புதுக் கடனா, நகையா, மானியமா, பழைய கடனைத் தள்ளிப்போடுவதா?

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பொருள் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஆறு பேருக்கு வேலை. பைக்குள் வங்கிப் பாஸ்புக், ஜிஎஸ்டி தாள்கள், கைக்குட்டையில் சுற்றிய இரண்டு வளையல்.

"மச்சான், ஆர்டர் பாதியாப் போச்சு. மேனேஜர் இன்னும் ரெண்டு லட்சம் தாறேன்னு சொல்லுதாரு. இவ வளையலை வைன்னு சொல்லுதா. கோணத்துல தொழில் மையத்துல மானியக் கடன் உண்டுன்னு ஒருத்தன் சொல்லுதான். எதை எடுக்க?"

நான் வங்கிக்காரன் அல்ல. நாகர்கோவிலில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். அதனால் யார் எந்தக் கடனில் விழுந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்பதைப் பேரேட்டில் பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன மூன்று வழிகளுக்கு வெளியே நான்காவது ஒன்றும் உண்டு. இருக்கிற கடனையே கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லி வங்கியில் கேட்பதுதான் அது. அதைக் கேட்டால் மானம் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள்.

சரி, நான் அவரிடம் முதலில் வட்டி விகிதம் எதையும் கேட்கவில்லை. "பணம் எப்ப திரும்பி வரும்னு தேதி தெரியுமா?" என்றுதான் கேட்டேன்.

தேதி தெரிந்த வறட்சி, தெரியாத வறட்சி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை விளக்கக் கடற்கரையே போதும். சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம். இரண்டு கரையிலும் படகுக்காரருக்குத் தொழில் நிற்கும் நாளும் தெரியும், திரும்பத் தொடங்கும் நாளும் தெரியும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்பதும் தெரியும். அவர் அந்த 61 நாளுக்கு ஒரு சங்கிலியை அடகு வைத்தால் அது கணக்குப் போட்டு எடுக்கும் கடன்.

ரப்பர் வெட்டுகிறவர் கதை வேறு. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டி விற்ற ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. குலசேகரம், அருமனைப் பக்கம் "அடுத்த மாசம் ஏறும்" என்று சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு மாதமும் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். விலை ஏறியது. ஆனால் அதற்குள் சிலர் தோட்டத்தையே விற்றிருந்தார்கள். அது தேதி தெரியாத வறட்சி. 2020-இல் கன்னியாகுமரியில் படகுத்துறை மூடிக் கிடந்தபோது சிப்பிக் கடைக்காரர்களுக்கு வந்ததும் அதே வகைதான்.

தங்கை வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேதி தெரியாது மச்சான்" என்றார். அப்போதே மூன்று வழிகளில் இரண்டு எனக்குள் அடிபட்டுப் போயின.

மேனேஜர் தரும் இரண்டு லட்சம்

அவர் கணக்கு இது. பழைய கடனில் நிற்பது 6 லட்சம். வட்டி 11 சதவீதம், இன்னும் 48 மாதம். மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். பட்டறைச் செலவு எல்லாம் போகக் கையில் நிற்பது இப்போது 10,000. ஆக மாதம் 5,500 ரூபாய் துண்டு விழுகிறது.

புதிதாக 2 லட்சம், 12 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் தவணை சுமார் 6,640. இரண்டு தவணையும் சேர்ந்து 22,140. இப்போது துண்டு 12,000 ரூபாய்க்கு மேல். அந்த இரண்டு லட்சத்தில் ஒரு ரூபாய்கூடச் சரக்குக்கோ கூலிக்கோ எடுக்காமல் தவணை மட்டுமே கட்டினாலும் பதினாறு மாதத்தில் அது தீர்ந்துவிடும். அதன் பிறகு கடன் மட்டும் மிச்சம். வங்கிப் பணத்தை வாங்கி வங்கிக்கே கட்டுவதற்கு எதற்கு இரண்டு லட்சம்?

அப்படியானால் மேனேஜர் ஏன் இதைச் சொல்கிறார்? அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். புதுக் கடன் கொடுத்தால் பழைய கணக்கு நல்ல கணக்காகவே நிற்கும்; கிளையின் வாராக்கடன் எண் கூடாது. மறுசீரமைப்பு, அதாவது பழைய கடனின் தவணையை மாற்றி எழுதுவது என்று போனால் அவர் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அரசும் ரிசர்வ் வங்கியும் சிறப்புச் சலுகை எதுவும் அறிவிக்காத காலத்தில், மறுசீரமைத்த கணக்கைத் தரம் இறக்கிக் காட்ட வேண்டியிருக்கும். அவருடைய வசதி வேறு, உங்களுடைய வசதி வேறு, அவ்வளவுதான்.

புதுக் கடன் சரியாகப் பொருந்தும் இடமும் உண்டு. கையில் உறுதியான ஆர்டர் இருந்து, சரக்கு வாங்க மட்டும் பணம் இல்லை என்றால் வாங்கலாம். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடனில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிசோர், 10 லட்சம் வரை தருண். தருணை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024-க்குப் பிறகு 20 லட்சம் வரை. சிறு, குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியிருக்கிறது. "பத்திரம் கொண்டு வா" என்று கவுண்டரில் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை. "அந்த விதியை எழுத்துல சொல்லுங்க சார்" என்றாலே பேச்சு மாறும்.

பழைய கடனைத் தள்ளிப்போடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதே 6 லட்சத்துக்கு, ஆறு மாதம் வட்டி மட்டும் கட்டுகிறேன், பிறகு 72 மாதமாக நீட்டித் தாருங்கள் என்று கேட்டால் என்ன ஆகும்? முதல் ஆறு மாதம் மாதம் 5,500 ரூபாய். கையில் நிற்கும் 10,000-இல் அதைக் கட்டிவிட்டு 4,500 மிச்சம் இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு தவணை சுமார் 11,400. இலவசம் இல்லை. மொத்த வட்டியில் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் கூடும். மூச்சு விட நேரம் வாங்குவதற்கு அந்த விலை. பட்டறை மூடினால் போவது அதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றியது. வட்டிக் கூடுதலைப் பார்த்துத் தங்கை முகம் சுளித்ததும் உண்மை.

இதைக் கேட்க ஒரு விதி இருக்கிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மறுவாழ்வுக்கான நடைமுறையை 2015 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. 25 கோடி வரை கடன் உள்ள நிறுவனங்களுக்கு அது பொருந்தும். தவணை தவறுவதற்கு முன்பே, தொழில் சரியும் என்று தெரிந்தவுடன் கடன் வாங்கியவரே முன்வந்து மனுக் கொடுக்கலாம். இந்த நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: நான் சிறுதொழில் நடத்துகிறேன் என்பதை ஆவணத்தோடு முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிப்பது கடன் வாங்கியவர் பொறுப்பு. ஏலம் வரை போனபின் "எனக்கு அந்த உரிமை இருந்தது" என்று நிற்க முடியாது.

அதனால் நாள் கணக்குத்தான் இங்கே உயிர். தவணை தவறி 30 நாள் வரை ஒரு படி, 60 நாள் வரை அடுத்த படி, 90 நாள் வரை மூன்றாவது படி. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அதன் பிறகு 2002-ஆம் வருடச் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பி, ஈடாக வைத்த சொத்தை வங்கி எடுக்கலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, வீட்டுக்குக் கிடையாது.

நம் ஆட்கள் செய்வது என்ன தெரியுமா? முதல் தவணை தவறியதும் வங்கி இருக்கும் தெருவையே சுற்றிப் போவது. போன் அடித்தால் எடுப்பதில்லை. நான்காவது மாதம் நோட்டீஸ் வந்ததும் என்னிடம் ஓடி வருவார்கள். அப்போது நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

தங்கை வீட்டுக்காரர் வந்தபோது ஒரு தவணை தவறி 22 நாள் ஆகியிருந்தது. கடைசி ஆறு மாத ஜிஎஸ்டி கணக்கு, குறைந்த ஆர்டர்களின் பட்டியல், சிறுதொழில் என்று காட்டும் உத்யம் பதிவுச் சான்றிதழ் நகல், எத்தனை மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கக் கணக்கு, இவற்றோடு கடிதம் எழுதினோம். கவுண்டரில் இருந்தவர் வாங்கவில்லை. "இந்த மாதிரித் திட்டம் எல்லாம் கொரோனாவோடு முடிஞ்சுதுங்க" என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம் என்பதை மனதில் வைத்திருந்தோம். அது தேவைப்படவில்லை. பதினெட்டாம் நாள் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கவுண்டர்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2020 மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி மூன்று மாதம் தவணை நிறுத்தம் தந்தது. பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. அந்தக் காலத்து வட்டி ஓடிக்கொண்டே இருந்தது என்பது பலருக்குத் தவணை ஏறியபோதுதான் தெரிந்தது. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நாடு முழுக்க ஒரே நேரத்தில் படுத்த காலம். சலுகையும் எல்லோருக்கும் சேர்த்து வந்தது. நம் ஒரு பட்டறை மட்டும் படுக்கும்போது அறிவிப்பு எதுவும் வராது. நாமேதான் மனு எழுதிக் கேட்க வேண்டும்.

2020-இல் வந்த அவசரக்கால உத்தரவாதக் கடனிலும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த வருடம் பிப்ரவரி 29 அன்று நின்ற கடனில் 20 சதவீதம் வரை கூடுதல் கடன், முழுவதற்கும் மத்திய அரசு உத்தரவாதம், முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம், வங்கி வட்டிக்கு 9.25 சதவீத வரம்பு. நல்ல திட்டம்தான். ஆனால் பிப்ரவரி 29 அன்று 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. மிகவும் தேவைப்பட்டவர்கள்தான் வெளியே நின்றார்கள். நெருக்கடியில் அரசு உதவி வந்தால் அது வங்கி வழியாகத்தான் வரும். கணக்கு சுத்தமாக இருப்பவருக்கே முதலில் வரும். பழைய கடனை 90 நாளுக்குள் ஒழுங்குபடுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் தீமையையும் மறைக்கக் கூடாது. நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'மறுசீரமைக்கப்பட்டது' என்று ஏறும். ஒன்றிரண்டு வருடத்துக்குப் புதுக் கடன் கேட்டால் முகம் சுளிப்பார்கள். வீடு கட்டவோ மகள் படிப்புக்கோ உடனே கடன் எடுக்கும் திட்டம் இருந்தால் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

கோணத்து மானியம்

கோணத்தில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கு வரும் பாதிப் பேர் "மானியக் கடன்" என்றால் அரசு கையில் பணம் எண்ணிக் கொடுக்கும் என்று நினைத்து வருகிறார்கள். கடன் தருவது வங்கி. சரி என்பதும் இல்லை என்பதும் வங்கியே. மையம் விண்ணப்பத்தைப் பார்த்துப் பரிந்துரைக்கும், மானியத்தைத் தரும்.

வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீதம், உச்சமாக 3.75 லட்சம் மானியம். மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபியில் உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை போகலாம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. நம் மாவட்டத்தில் கணிசமான பேர் இந்தச் சிறப்புப் பிரிவில் வந்துவிடுவார்கள். மனைவி பெயரில் கிராமத்தில் தொடங்கினால் 35 என்ற கணக்கு எல்லோருக்கும் வாய்ப்பாடு மாதிரித் தெரியும். பெரிய முதலீட்டுக்கு நீட்ஸ், கைவினைஞர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், கடற்கரையில் தள்ளுவண்டி வைத்திருப்பவருக்கு ஸ்வநிதி. ஸ்வநிதியில் முதல் கடன் இப்போது 15,000 ரூபாய்; ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டியைத் திருப்பித் தருகிறார்கள்.

பார்க்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் பிஎம்இஜிபி மானியம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக நிற்கும். தொழில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடனில் கழிப்பார்கள். அதைவிட முக்கியம், இவை அடிப்படையில் புதுத் தொழிலுக்கானவை. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு இரண்டாம் கடன் என்று ஒன்று உண்டு, ஆனால் அது நன்றாக ஓடும் பட்டறையை விரிவாக்க. மூழ்கும் வள்ளத்துக்கு அல்ல. புதிதாக ஒரு பெயரில் பட்டறை தொடங்குவதாகக் காட்டி, மானியத்தை வாங்கிப் பழைய கடனை அடைக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஆய்வுக்கு வருகிறவர் புது மிஷினை எங்கே என்று கேட்டால் அந்த ஏஜெண்ட் பக்கத்தில் நிற்க மாட்டார்.

அப்படியானால் மானியம் யாருக்கு? பழைய தொழில் இனி திரும்பாது என்று ஒப்புக்கொண்டவருக்கு. எங்கள் ஊரில் ஒரு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, மூடிய பிறகு அங்கே பருப்பு உடைத்த இரண்டு பெண்கள் சேர்ந்து தேன் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் பெயரை விளக்க வேண்டிய வேலை இல்லை. அவர்கள் அந்தக் கடனுக்குப் பொருத்தமானவர்கள். என் தங்கை வீட்டுக்காரர் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

வளையல்

நகைக் கடன் வேகமானது. காலையில் போனால் மதியம் பணம். ஆனால் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் மொத்தமாகத் திருப்ப வேண்டும். தேதி தெரியாத வறட்சியில் 12 மாதம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம். தங்க விலை ஏறும்போது அதே வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைக்கிறது என்று திருப்பித் திருப்பி வைக்கிறார்கள்; அசல் அப்படியே வளர்கிறது.

கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பதா, வங்கியில் வைப்பதா என்ற கேள்வி நம் ஊரில் எப்போதும் உண்டு. 2021-இல் கூட்டுறவில் 5 பவுன் வரை வைத்த நகைக் கடனை மாநில அரசு தள்ளுபடி செய்தது. வங்கியில் வைத்தவர்களுக்கு அது இல்லை. அன்றிலிருந்து "கூட்டுறவுல வை, தேர்தலுக்குத் தள்ளிருவாங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. தகுதிப் பட்டியலை வடிகட்டியபோது எத்தனையோ பேர் வெளியே வந்ததை யாரும் சொல்வதில்லை. வட்டி ஒன்றாக இருந்தால் கூட்டுறவில் வையுங்கள், தப்பில்லை. தள்ளுபடியைக் கணக்கில் எழுதாதீர்கள்.

சிட்டி, அதாவது ஏலச்சீட்டு பற்றியும் ஒரு வரி. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் பதிவு செய்த சிட்டி என்றால், கழிவு (ஏலத்தில் நாம் விட்டுக்கொடுக்கும் தொகை) குறைவாகப் போகும் மாதத்தில் ஏலம் எடுப்பது நல்ல வழிதான். படுத்திருக்கும் நேரத்தில் புதிதாகச் சேர்ந்து முதல் மாதமே பெரிய கழிவில் எடுப்பது, கந்துவட்டிக்கு வேறு சட்டை போட்டது போல.

யாரும் கேட்காத ஐந்தாவது வழி

பையில் இருந்த ஜிஎஸ்டி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் ஏழு மாதமாக 2 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி. மேனேஜர் தருவதாகச் சொன்ன கடனைவிட அதிகம்!

"இதைக் கேட்டீங்களா மாப்பிள்ளை?"

"கேட்டா அடுத்த ஆர்டர் தரமாட்டாரு மச்சான்."

அடுத்த ஆர்டர் எப்படியும் வரவில்லை. 2006-ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டுவட்டி. இதற்கென அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் போடலாம். அதைவிட வேலை செய்வது வருமானவரி விதி: 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கட்டும் வருடத்தில்தான் காட்டலாம். வெறும் கடைவைத்து வாங்கி விற்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உற்பத்தி அல்லது சேவை செய்பவருக்குத்தான்.

புகார் போடவில்லை. இந்த வரிவிதியை மட்டும் மரியாதையாக எழுதி, பில் நகலோடு அந்த வியாபாரியின் ஆடிட்டருக்கு ஒரு நகல் போகும்படி அனுப்பச் சொன்னேன்.

வங்கி ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட ஒத்துக்கொண்டது. 72 மாதம் கேட்டதில் 60 தந்தார்கள். வெளியூர் வியாபாரி முதலில் ஒரு லட்சம் அனுப்பினார், மீதி இரண்டு தவணையாக வருகிறது. அவர் ஆர்டரையும் நிறுத்தவில்லை. இரண்டு லட்சக் கடனை வாங்கவில்லை. ஆறு பேருக்கும் ஓணத்துக்கு முன் கூலி கொடுக்க ஒரு வளையலைக் கூட்டுறவில் வைத்தோம், வியாபாரியின் தவணை வரும் தேதியைப் பார்த்துவிட்டு. இன்னொன்று தங்கை கையில் இருக்கிறது.